விதிகளை மாற்ற வைத்த வீரர்

ஒரு விளையாட்டின் விதிகளுக்கு ஏற்பத் தம்மை அமைத்துக்கொண்டு புகழெய்தியோர் பலர். தம் ஆற்றலைக் கண்டு விதிகளையே திருத்தும்படி செய்தவரோ மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர், அமெரிக்காவில் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டம் வேரூன்றிய காலத்தில் விளங்கிய ஜார்ஜ் மைக்கன் ஆவார்.

இவர் 1924ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் பிறந்தார். வளர்ந்தபோது உயரம் 6 அடி 10 அங்குலம். கண்களிலோ தடித்த மூக்குக்கண்ணாடி. நெடிய உடல் விரைந்து இயங்காது என்பது அக்காலத்தார் நம்பிக்கை. 1942இல் சிகாகோ டி பால் பல்கலைக்கழகத்தில் பயிற்றுநராக அமர்ந்த ரே மேயர் அவ்வாறு எண்ணவில்லை. கயிறு தாண்டல், குத்துச்சண்டை, நடனம் ஆகியவற்றால் மைக்கனின் கால்களுக்கு விரைவை ஊட்டினார். வளையத்தின் அடியில் நின்று இரு கைகளாலும் மாறிமாறிப் பந்திடும் பயிற்சியை இடையறாது செய்வித்தார். அப்பயிற்சி இன்றும் மைக்கன் பெயராலேயே வழங்குகிறது.

பயன் விரைவில் தெரிந்தது. வளையத்தை நோக்கி இறங்கும் பந்தை மைக்கன் எட்டித் தட்டிவிடுவார். கல்லூரி ஆட்டங்களில் 1944இல் அச்செயலுக்குத் தடை பிறந்தது. 1946இல் தொழில்முறை ஆட்டக்காரரான அவர், மறு ஆண்டு மினியாபொலிஸ் லேக்கர்ஸ் குழுவிற் சேர்ந்தார். 1948 முதல் 1954 முடிய அக்குழு ஆறு முறை வாகை சூடியது. வளையத்தின் முன்னுள்ள கட்டத்துள், பந்தைத் தம்வசம் வைத்துள்ள குழுவினர் 3 நொடிக்கு மேல் நிற்கலாகாது. மைக்கனைத் தொலைவில் நிறுத்தும் பொருட்டு, அக்கட்டத்தின் அகலம் 1951இல் 6 அடியிலிருந்து 12 அடியாக்கப்பட்டது.

1950 நவம்பர் 22இல் நிகழ்ந்தது இன்னும் விந்தையானது. பந்து மைக்கன் கைக்குப் போகாதிருக்க, போர்ட் வேய்ன் குழுவினர் அதனைத் தம்மிடமே வைத்துக்கொண்டு காலம் கழித்தனர். முடிவில் 19-18 என அவர்களே வென்றனர். லேக்கர்ஸ் பெற்ற 18 புள்ளிகளுள் 15 மைக்கனுடையவை! இத்தகைய ஆட்டங்களால் காண்போர் சலிப்புற்றனர். 24 நொடிக்குள் பந்தை வளையத்தை நோக்கி எறிந்தாக வேண்டும் என்னும் விதி 1954இல் தோன்றியதற்கு இதுவும் ஒரு காரணம்.

1956இல் ஆட்டத்தை முற்றும் விடுத்த மைக்கன் வழக்கறிஞர் தொழில் புரிந்தார். 1967இல் தோன்றிய போட்டிச் சங்கமொன்றின் தலைமை ஆணையராகி, மூன்று புள்ளிக் கோட்டையும் சிவப்பு, வெள்ளை, நீல வண்ணப் பந்தையும் புகுத்தினார்.

இறுதிக்காலமோ துயரமானது. நீரிழிவால் ஒரு காலை இழந்தார், சிறுநீரகமும் பழுதுற்றது. 1965க்கு முன் ஓய்வுபெற்ற ஆட்டக்காரர்க்குக் கிடைத்த ஓய்வூதியம் மிகச் சொற்பம். பிற்கால வீரர் கோடிகளில் பொருளீட்ட, அதற்கு அடித்தளமிட்டோர் மருந்துக்கும் வருந்தினர். அந்நிலை மாறவேண்டுமென நோயுற்ற நிலையிலும் வாதாடிய மைக்கன், 2005 ஜூன் 1இல் மறைந்தார். ஷகீல் ஓநீல் என்னும் பிற்கால வீரர் இறுதிச்சடங்குச் செலவை ஏற்றார்.

உதவார் என ஒதுக்கப்பட்ட மாணவரிடம் ஓர் ஆசிரியர் கண்ட ஆற்றல், ஓர் ஆட்டத்தின் வடிவத்தையே மாற்றியது. அவ்வாட்டத்தால் வளம்பெற்றோர் முன்னோடிகட்குப் பட்ட கடனோ, அவர் வாழ்நாளில் முழுமையாகத் தீர்க்கப்படவில்லை.