கரப்பனா, சிரங்கா?

2009இல் செட்டிகுளம் முகாமில் என் இரண்டு வயது மகன் இரவிரவாகச் சொறிந்து அழுதான். கரப்பன் என்று நினைத்து, பக்கத்துக் கூடாரத்தில் வாங்கிய ஸ்டீரொயிட் களிம்பைப் பூசினேன். சிவப்புத் தணிந்தது, கடி நிற்கவில்லை. சில கிழமைகளில் எனக்கும் கடித்தது.

"வேற ஆருக்கும் கடிக்குதோ?" என்றுதான் வைத்தியர் முதலில் கேட்டார். அது சிரங்கு.

கரப்பன் தொற்றாது. கைக்குழந்தைக்குக் கன்னத்திலும், வளர்ந்த பிள்ளைக்கு முழங்கை, முழங்கால் மடிப்புகளிலும் தோல் வறண்டு சிவக்கும். பெரும்பாலும் குடும்பத்தில் ஒருவருக்குத் தொய்வு இருக்கும்.

சிரங்கு, கண்ணுக்குத் தெரியாத உண்ணியால் தொற்றுவது. விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பில் பருக்கள் வரும். குழந்தைகளுக்கு உள்ளங்கை, உள்ளங்காலிலும் வரும். இரவில் கடி கூடும். கடி இல்லாதவர் உட்பட வீட்டார் எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும். அல்லாவிட்டால் திரும்பவும் வரும்.

சொறிந்த புண் சீழ்பிடித்த பின் முகம் வீங்கினாலோ, சிறுநீர் தேநீர் நிறமானாலோ சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். திடீரெனத் தடித்து, உதடு வீங்கி, மூச்சு முட்டினால் அது கடும் ஒவ்வாமை. உடனே 1990ஐ அழையுங்கள்.

பெயர் தெரியாத களிம்பைப் பிள்ளைக்குப் பூசாதீர்கள். நான் பூசியதால் என் மகன் பல இரவுகள் வீணாக அழுதான்.