எந்தப் பக்கம் சுற்றுவது என்று தெரியாத ஃபேன்

சுவிட்சைப் போட்டால் சீலிங் ஃபேன் உறுமுகிறது, சுற்ற மறுக்கிறது. காய்ந்த ஒட்டடைக் குச்சியால் இறக்கையை லேசாகத் தள்ளிவிட்டால் மெல்ல வேகம் பிடிக்கிறது. பல வீடுகளில் இந்தக் குச்சி வைத்தியம் மாதக்கணக்கில் நடக்கும். ஃபேன் நின்றதும் ஒருமுறை எதிர்ப்பக்கமாகத் தள்ளிப் பாருங்கள். கோளாறு முற்றியிருந்தால் அந்தப் பக்கமாகவே ஓடும். காற்று கூரையைப் பார்த்துப் போகும்.

வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைகிறது. அது பாயும் செம்புச் சுருளின் காந்தப்புலமும் அதே இடத்தில் கூடிக் குறைந்து திசை மாறுமே தவிர, சுழலாது. இந்த அலைவைக் கணக்கில் பிரித்தால், எதிரெதிராகச் சுழலும் சம வலுவுள்ள இரண்டு காந்தப்புலங்கள் கிடைக்கும். நிற்கும் ஃபேனை ஒன்று இந்தப் பக்கம் இழுக்க, மற்றது அந்தப் பக்கம் இழுக்கிறது. மிஞ்சுவது உறுமல்தான். காலால் மிதிக்கும் தையல் மெஷினில் டெய்லர் முதலில் கைச்சக்கரத்தைத் தட்டிவிடுவார்; எந்தப் பக்கம் தட்டுகிறாரோ அந்தப் பக்கமே ஓடும். குச்சி செய்வதும் அதையேதான்.

இதற்கான விடை 1885-லேயே கிடைத்துவிட்டது. இத்தாலியின் டூரின் நகரில் கலிலியோ ஃபெர்ராரிஸ், குறுக்காக வைத்த இரண்டு சுருள்களில் சற்று முன்பின்னாக மின்சாரம் பாய்ச்சினால் காந்தப்புலம் சுழலும் என்று காட்டினார். 1888-இல் அதை அவர் வெளியிட்டார். அதே ஆண்டு இத்தகைய மோட்டாருக்கான டெஸ்லாவின் காப்புரிமைகளும் வந்தன. நம் ஃபேனுக்குள்ளும் இரண்டு சுருள்கள் உண்டு. ஒன்றில் மின்சாரத்தை முந்தச் செய்வதுதான் கடைக்காரர் கண்டன்சர் என்று எடுத்துத் தரும் அந்தச் சின்ன டப்பாவின் வேலை. எந்தப் பக்கம் சுற்றுவது என்பதை முடிவுசெய்வது அதுதான்; அது பழுதானால் உறுமல் மட்டுமே மிஞ்சும். சுழலும் பாகத்துக்கு ஒரு கம்பிகூடப் போவதில்லை. காந்தம் தூண்டும் மின்சாரத்திலேயே அது சுற்றுகிறது.

கண்டன்சர் சாகும் விதம் இன்னும் விசித்திரம். உள்ளே தலைமுடியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கனமே உள்ள பிளாஸ்டிக் படலம் சுருட்டியிருக்கும். அதன்மேல் அதைவிடப் பல மடங்கு மெல்லிய உலோகப் பூச்சு. படலத்தில் எங்காவது பலவீனமான புள்ளி இருந்தால் மின்சாரம் அதைத் துளைக்கும். உடனே சுற்றியுள்ள பூச்சு ஆவியாகி, ஓட்டை தனிமைப்பட்டுவிடும். தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்கிறது! ஆனால் ஆற்றும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பூச்சு போகிறது. 2.5 மைக்ரோஃபாரட் இருந்தது இரண்டாகும், பிறகு ஒன்றரையாகும். ஃபேன் வருடக்கணக்கில் வேகம் குறைந்துகொண்டே வரும். மோட்டாருக்கு வயதாகிவிட்டது என்று நாமும் விட்டுவிடுகிறோம். பாவம், ரெகுலேட்டரை மாற்றிப் பார்த்தவர்களும் உண்டு.

மாற்றுவது சிறிய வேலைதான். ஆனால் சுவிட்சை மட்டும் நம்பக் கூடாது. வயரிங் மாறிப்போய் நியூட்ரலில் சுவிட்ச் இருந்தால், அணைத்த பிறகும் மேலே மின்சாரம் இருக்கும். மெயினை அணைத்துவிட்டு டெஸ்டரால் சோதியுங்கள். அப்போதும் கண்டன்சரில் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். பிடியில் நல்ல காப்புள்ள ஸ்க்ரூடிரைவரால் அதன் இரு முனைகளையும் இணைத்துவிட்ட பிறகே தொட வேண்டும். எந்தக் கம்பி எங்கே இருந்தது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இடம் மாறினால் ஃபேன் எதிர்ப்பக்கமாகச் சுற்றும். பழையதில் அச்சிட்டிருக்கும் மைக்ரோஃபாரட் அளவையே வாங்குங்கள். பெரியதைப் போட்டால் வேகம் கூடும் என்று சிலர் சொல்வார்கள். கொஞ்சம் கூடவும் செய்யும். கூடவே சுருளும் சூடாகும். ஏணியும் மின்சாரமும் ஒத்துவராது என்று தோன்றினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதில் வெட்கமில்லை.

உறுமல்கூட இல்லையென்றால் கண்டன்சரைச் சந்தேகிக்க வேண்டாம். மின்சாரம் மேலே வருகிறதா என்று பாருங்கள். அணைத்த நிலையில் கையால் சுற்றினாலே இறுக்கமாக இருந்தால் பேரிங். கருகல் வாசனை வந்தால் சுருள் போயிருக்கும். ரிமோட்டோடு வரும் பி.எல்.டி.சி. ஃபேன்களில் குச்சி வைத்தியம் செல்லாது. அங்கே திசையை முடிவுசெய்வது ஒரு எலக்ட்ரானிக் போர்டு.