2 மீட்டர் கேபிள் மாற்றியதும் டேப்லெட் ஏன் ஸ்லோவாக சார்ஜ் ஆகிறது? வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

டேப்லெட்டுடன் பெட்டியில் வரும் கேபிள் பெரும்பாலும் 1 மீட்டர்தான். கட்டிலில் சாய்ந்துகொண்டு படம் பார்க்கவோ, டேபிளில் வைத்து வேலை பார்க்கவோ அது எட்டாது. உடனே ஆன்லைனில் 2 மீட்டர், 3 மீட்டர் எனத் தேடி, விலை குறைவானதாகப் பார்த்து ஆர்டர் போட்டுவிடுகிறார்கள் பலர். சிக்கல் அதற்குப் பிறகுதான். சார்ஜர் அதேதான், டேப்லெட்டும் அதேதான். ஆனால் சார்ஜ் ஏற இரண்டு மடங்கு நேரம் ஆகிறது. ஏன்?

நீளம் மட்டும் காரணமா?

இல்லை. உள்ளே இருக்கும் செம்புக் கம்பியின் தடிமனும் சேர்ந்ததுதான் காரணம். மின்சாரம் ஒரு கம்பியில் போய் இன்னொரு கம்பியில் திரும்பி வர வேண்டும். அதாவது 2 மீட்டர் கேபிள் என்றால் 4 மீட்டர் பயணம். கம்பி ஒல்லியாக இருந்தால் வழியிலேயே வோல்டேஜ் வீணாகும்.

கம்பியின் தடிமனை 'கேஜ்' எண்ணில் சொல்வார்கள். எண் குறையக் குறைய கம்பி தடிமனாகும். 5 வோல்ட் சார்ஜரில் 2 ஆம்பியர் ஓடும்போது, 2 மீட்டர் கேபிளில் ஏற்படும் இழப்பு தோராயமாக இவ்வளவு:

• 28 கேஜ்: 1.7 வோல்ட்
• 24 கேஜ்: 0.67 வோல்ட்
• 20 கேஜ்: 0.27 வோல்ட்

28 கேஜில் டேப்லெட்டுக்குப் போய்ச் சேருவது 3.3 வோல்ட்தான். அந்த அளவுக்கு இறங்குவதற்கு முன்பே டேப்லெட் தானாகவே கரண்ட் இழுப்பதைக் குறைத்துக்கொள்ளும். அதனால்தான் ஸ்லோ சார்ஜிங்.

அப்போ எதை வாங்கலாம்?

இரண்டு முனையும் டைப்-சி ஆக இருக்கும் கேபிள் நல்லது. யூஎஸ்பி விதிப்படி அது குறைந்தது 3 ஆம்பியர் தாங்க வேண்டும். முழு கரண்ட் ஓடும்போதும் மொத்த இழப்பு 0.75 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. சார்ஜரும் 'பவர் டெலிவரி' வகையாக இருந்தால் 9 வோல்ட், 15 வோல்ட் என உயர்த்தி அனுப்பும். வோல்டேஜ் கூடினால் அதே வாட்டுக்குக் குறைந்த கரண்ட் போதும், இழப்பும் குறையும்.

பெரும்பாலான டேப்லெட்டுகளுக்கு 60 வாட் கேபிளே தாராளம். 100 வாட் கேபிள் வாங்கினால் சார்ஜிங் வேகம் கூடிவிடாது. அதை முடிவு செய்வது சார்ஜரும் டேப்லெட்டும்தான். சில பிராண்டுகளின் தனி ஃபாஸ்ட் சார்ஜிங் முறைக்கு மட்டும் அதே பிராண்ட் கேபிள் தேவைப்படும். நீளமான கேபிள்கள் பலவும் யூஎஸ்பி 2.0 வேகத்தில்தான் டேட்டா அனுப்பும். மானிட்டருடன் இணைக்க நினைத்தால் அதையும் பார்த்து வாங்குங்க.

மலிவு கேபிளில் ரிஸ்க் இருக்கா?

இருக்கு. 2016-ல் கூகுள் இன்ஜினீயர் பென்சன் லியுங், தவறாக வயரிங் செய்யப்பட்ட ஒரு டைப்-சி கேபிளைச் சோதித்தபோது அவருடைய லேப்டாப்பே பழுதானது. அதே ஆண்டு மார்ச்சில், விதிகளுக்கு உட்படாத டைப்-சி கேபிள்களின் விற்பனைக்கு அமேசான் தடை போட்டது.

எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு நீட்டலாமா?

டைப்-சி கேபிளோடு இன்னொரு துண்டைச் சேர்த்து நீட்டுவதை யூஎஸ்பி விதிகள் அனுமதிப்பதில்லை. அதைவிட நல்ல வழி, பிளக் பாயிண்ட்டை அருகில் கொண்டுவருவது. 230 வோல்ட்டில் 20 வாட் சார்ஜர் இழுப்பது 0.1 ஆம்பியரைச் சுற்றித்தான். அதனால் தரமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைத்து, பழைய 1 மீட்டர் கேபிளையே பயன்படுத்தினால் இழப்பு கிட்டத்தட்ட இல்லை.

வாங்கியதும் செய்ய வேண்டிய டெஸ்ட்

பேட்டரி 20 சதவீதத்தில் இருக்கும்போது பழைய கேபிளில் 30 நிமிடம் சார்ஜ் போடுங்க. இன்னொரு நாள் அதே 20 சதவீதத்தில், அதே சார்ஜரில் புது கேபிளைப் போட்டுப் பாருங்க. இரண்டு முறையும் ஸ்கிரீன் ஆஃப்ல இருக்கட்டும். பெரிய வித்தியாசம் இருந்தாலோ, கேபிள் முனை கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டாலோ, ரிட்டர்ன் தேதி முடிவதற்குள் திருப்பி அனுப்பிவிடுவது நல்லது.