கொக்கி மாட்டிச்சா?

ஜாலியாகக் கோவாவுக்குப் போய் டபோலிமில் இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், விமானம் சக்கரம் பதித்தது கடற்படையின் ஓடுபாதையில் என்று? ஐஎன்எஸ் ஹன்சா என்ற கடற்படைத் தளம் அது. பயணிகள் விமானங்கள் அங்கே விருந்தாளிகள்தான். அந்தத் தளத்துக்குள் தரைமேல் ஒரு கப்பலே நிற்கிறது!

கப்பல் என்றால் முழுக் கப்பல் இல்லை. விமானந்தாங்கிக் கப்பலுக்கு எது உயிரோ அது மட்டும். விமானத்தை வானத்தில் தூக்கி எறிய 14 டிகிரி ஏறிச் செல்லும் ஒரு சரிவு. திரும்பி வருவதைப் பிடித்து நிறுத்தக் குறுக்கே ஓர் எஃகு வடம். கடலுக்குப் போக ஆசைப்படும் புது விமானம் முதலில் இங்கே பரீட்சை எழுதியாக வேண்டும்.

அந்தப் பரீட்சையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போமா? விமானத்தின் வாலடியில் ஒரு கொக்கி தொங்கும். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கப் பாதாளக் கரண்டி போட்டுத் துழாவுவோமே, கிட்டத்தட்ட அதே வேலைதான். என்ன, இது மணிக்கு சுமார் 240 கிலோமீட்டர் வேகத்தில்! கொக்கி வடத்தில் மாட்டினால் கண்ணிமைக்கும் நேரத்தில் வேகம் பூஜ்யம். விமானிக்கு வயிறு முன்னால் போய்விட்டுத் திரும்பி வரும். மாட்டாவிட்டால்? அதனால்தான் சக்கரம் தளத்தைத் தொட்டதுமே விமானி பிரேக்கைத் தேடுவதில்லை. எஞ்சினை முழு வேகத்துக்குத் தள்ளுகிறார்! கொக்கி தவறிவிட்டால் அப்படியே மறுபடி எழும்பிப் பறக்க வேண்டுமே. இதை முதன்முதலில் கேட்டபோது எனக்கே உள்ளங்கை வியர்த்துவிட்டது.

நம் தேஜஸ் போர் விமானத்தின் கடற்படைத் தம்பி இந்தப் பரீட்சைக்கு எடுத்துக்கொண்ட காலம் கொஞ்சநஞ்சமல்ல. 2012 ஏப்ரலில் பெங்களூரில் முதல் பறப்பு. கோவாச் சரிவிலிருந்து பாய்ந்தது 2014 டிசம்பரில். இதற்குள் கால்களை உறுதியாக்க வேண்டியிருந்தது. கப்பலில் இறங்குவதென்பது பூப்போல உட்காருவதல்ல, தொப்பென்று விழுவது. வலுச் சேர்த்தால் எடை கூடும். அந்த எடைதான் வினையானது. இது கப்பலுக்குச் சரிப்படாது என்று 2016 டிசம்பரில் கடற்படைத் தளபதி சுனில் லான்பா கையை விரித்துவிட்டார். தம்பி அசரவில்லை. 2019 செப்டம்பர் 13 அன்று கோவாவில் கொக்கி மாட்டியது. 2020 ஜனவரி 11 அன்று விமானந்தாங்கிக் கப்பலான ஐஎன்எஸ் விக்ரமாதித்யாவில், நிஜக் கடலில், கமோடோர் ஜெய்தீப் மாவ்லங்கர் அதைக் கொண்டுபோய் இறக்கினார். 2023 பிப்ரவரியில் புத்தம்புதுக் கப்பலான விக்ராந்திலும் இறங்கியாயிற்று. படையில் சேராத விமானம்தான். ஆனாலும் அடுத்து வரவேண்டிய இரட்டை எஞ்சின் விமானத்துக்கு அண்ணனாக இருந்து பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறது.

அதுவரை விக்ராந்த் சும்மா இருக்க முடியுமா? வெளியில் வரன் பார்த்தார்கள். 2022-ல் பிரான்சின் ரஃபேல் எம், அமெரிக்காவின் சூப்பர் ஹார்னெட் இரண்டும் அதே கோவாச் சரிவில் ஓடிக் காட்டின. இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம் வருகிறது. விமானங்களை விக்ராந்தின் வயிற்றுக்குள் இறக்கும் மின்தூக்கியின் அகலம் சுமார் 10 மீட்டர். ரஃபேலின் இறக்கை வீச்சு கிட்டத்தட்ட 11 மீட்டர், மடங்கவும் மடங்காது! சூப்பர் ஹார்னெட் சமர்த்தாக மடக்கிக்கொள்ளும். கடைசியில் மாலை விழுந்தது மடங்காதவன் கழுத்தில்தான். 2025 ஏப்ரலில் 26 விமானங்களுக்கு, சுமார் 63,000 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம். அதில் நான்கு இரட்டை இருக்கைக்காரர்கள் கப்பல் பக்கமே வரமாட்டார்கள், கரையில் பயிற்சிக்கு.

அந்த ஒப்பந்தத்தில் சிமுலேட்டர், பயிற்சி, பராமரிப்பு எல்லாம் சேர்ந்தே வருகிறது. பட்டுத் தெளிந்தவர்கள்! முன்பு வாங்கிய மிக்-29கே விமானங்களில், பறக்கத் தயாராக நின்றவை ஒரு கட்டத்தில் 16 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை என்று 2016-ல் தணிக்கை அறிக்கை சொன்னது. 65 எஞ்சின்களில் 40-ஐக் கழற்றி வைக்க வேண்டியிருந்ததாம்.

கழற்றி மாட்டுவது, உப்புக்காற்று படிந்த உடம்பை நல்ல தண்ணீரில் கழுவிவிடுவது எல்லாம் தினப்படி வேலை. ஆனால் எனக்குச் சிலிர்ப்பது வேறொரு காட்சி. விமானங்கள் கிளம்பும் முன் ஆட்கள் தோளோடு தோள் சேர வரிசைகட்டி, தலையைக் குனிந்துகொண்டு, கப்பலின் மேல்தளத்தை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்தே அளக்கிறார்கள். அரிசியில் கல் பொறுக்குகிற அதே கவனம். ஒரு திருகாணி, ஒரு துண்டுக் கம்பி, எதையும் விடுவதில்லை. எஞ்சின் உறிஞ்சிவிட்டால் போச்சு. நடந்து முடித்து, குனிந்த கழுத்தை நீவிக்கொண்டு அவர்கள் ஒதுங்குகிறார்கள். விமானங்களுக்கு வழிகாட்டும் மஞ்சள் சட்டைக்காரர் கையை உயர்த்துகிறார்.