28 நாள் மாதமும் 198 என்ற எண்ணும்

வடசென்னை மூலக்கொத்தளத்து ரீசார்ஜ் கடையில் போய் "ஒரு மாசத்துக்குப் போடுங்க" என்று கேட்டால், பெரும்பாலும் 28 நாளைக்குத்தான் போடுவார்கள். இதில் கடைக்காரரின் தில்லுமுல்லு எதுவும் இல்லை, திட்டமே அப்படித்தான். 12 முறை போட்டால் 336 நாள் ஓடும். ஆண்டில் மிச்சமிருக்கும் 29 நாளுக்காக 13ஆவது முறையும் பணம் கட்ட வேண்டும். ரூ.199 திட்டம் என்றால் ஆண்டுச் செலவு ரூ.2,388 என்று நாம் மனக்கணக்குப் போடுவோம். கையை விட்டுப் போவது ரூ.2,587. மூன்று மாதம் என்று பேச்சுவழக்கில் சொல்லும் 84 நாள் திட்டத்திலும் இதே கதைதான். துறைமுகத்தில் தினக்கூலிக்கு மூட்டை இறக்குபவருக்கும், காசிமேட்டில் மீன் வெட்டிக் கொடுப்பவருக்கும் இந்த ரூ.199 சில்லறைக் காசு அல்ல.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இதை 2022 ஜனவரியில் கவனித்தது. 30 நாள் ஓடும் திட்டம், மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கிற திட்டம் இரண்டையும் ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. திட்டங்கள் வந்தன. ஆனால் அவற்றுக்கு யாரும் நடிகரை வைத்து விளம்பரம் எடுப்பதில்லை, கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. 2024 டிசம்பரில் இன்னொரு விதி வந்தது: டேட்டா வேண்டாதவருக்குப் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் தரும் திட்டம் இருக்க வேண்டும், அதன் வேலிடிட்டி 365 நாள் வரை போகலாம். பட்டன் போன் வைத்திருக்கும் அம்மாவுக்கு தினம் 2 ஜிபி எதற்கு? வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் அடுத்த முறை "டேட்டா இல்லாத பிளான் காட்டுங்க" என்று கேளுங்கள்.

விளம்பரத்துக்கு வருவோம். இந்தத் தொழிலில் பச்சைப் பொய் சொல்கிறவர்கள் குறைவு. பாதி உண்மையைப் பெரிய எழுத்திலும் மீதியை நட்சத்திரக் குறிக்குக் கீழேயும் வைப்பதுதான் வழக்கம். 2015இல் ஏர்டெல், எங்களைவிட வேகமான நெட்வொர்க் காட்டினால் ஆயுளுக்கும் உங்கள் பில்லை நாங்களே கட்டுகிறோம் என்று 4ஜி சவால் விட்டது. விளம்பரத் தர மன்றமான ஆஸ்கி, அது திசைதிருப்புகிறது என்று சொல்லி மாற்றவோ நிறுத்தவோ கேட்டுக்கொண்டது. 2018 ஏப்ரலில் அதே நிறுவனத்தின் ஐபிஎல் விளம்பரம் தில்லி உயர் நீதிமன்றம் வரை போனது. வழக்குப் போட்டது ஜியோ. ஆட்டத்தை இலவசமாகப் பார்க்கலாம் என்றார்களே, எது இலவசம்? ஆப்பின் சந்தா இலவசம், பார்க்கச் செலவாகும் டேட்டா நம் கணக்கில். அந்த நிபந்தனையைக் கண்ணுக்குத் தெரியும் அளவில் போடும்படி நீதிமன்றம் சொன்னது. ஜியோ மட்டும் யோக்கியமா? 2016இல் எல்லா அழைப்பும் இலவசம் என்று சந்தைக்கு வந்தது. 2019 அக்டோபரில், மற்ற நெட்வொர்க்குக்குப் பேசினால் நிமிடத்துக்கு 6 காசு என்றது. நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று கொடுக்கும் இணைப்புக் கட்டணத்தைக் காரணம் காட்டியது. அந்தக் கட்டணம் 2021 ஜனவரி 1இல் ஒழிந்த பிறகுதான் மறுபடி இலவசமானது.

இப்போது சட்டம் கொஞ்சம் பல்லோடு இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் கொண்டுவந்த விதிப்படி, விளம்பர வாசகம் எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில்தான் நிபந்தனையும் இருக்க வேண்டும், அதே எழுத்துருவிலும் இருக்க வேண்டும். தமிழில் "அன்லிமிடெட்" என்று முழங்கிவிட்டு, ஒரு நாள் ஒதுக்கீடு தீர்ந்தால் வேகம் 64 கேபிபிஎஸ் ஆகிவிடும் என்பதை ஆங்கிலப் பொடி எழுத்தில் ஒளிப்பது விதிமீறல். முதல் தவறுக்கு ரூ.10 லட்சம் வரையும் அடுத்தடுத்த தவறுக்கு ரூ.50 லட்சம் வரையும் அபராதம் போடலாம். ஆனாலும் சுவரொட்டிகளைப் பார்க்கும்போது யாருக்கும் பெரிதாகப் பயம் வந்ததாகத் தெரியவில்லை.

சரி, பணம் போய்விட்டது, கஸ்டமர் கேர் கையை விரிக்கிறது. என்ன செய்வது? பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். ரீசார்ஜ் கடையில் கத்துகிறோம், அவர் கமிஷனுக்கு வேலை செய்பவர், ஒன்றும் செய்ய முடியாது. 121க்குப் போன் போட்டு, தமிழுக்கு ஓர் எண், பிளானுக்கு ஓர் எண் என்று அமுக்கிக்கொண்டே போகிறோம். அது தகவல் சொல்லும் எண். புகாருக்கென்று உள்ள இலவச எண் 198. அங்கே புகார் பதிவானால் ஒரு புகார் எண் தர வேண்டும், அது எஸ்எம்எஸ்ஸிலும் வர வேண்டும். அந்த எண் இல்லையென்றால் நீங்கள் புகாரே கொடுக்கவில்லை என்று அர்த்தம், அரை மணி நேரம் சண்டை போட்டிருந்தாலும் சரி. "சார், நாங்க பார்த்துக்கிறோம்" என்று இழுத்தால், எண்ணை வாங்கும்வரை போனை வைக்காதீர்கள்.

புகாருக்குக் கிடைத்த பதில் சரியில்லை என்றால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். கட்டணம் இல்லை. 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மேல்முறையீட்டைக் கேட்பதும் அதே நிறுவனம்தான் என்பது இந்த ஏற்பாட்டின் பெரிய ஓட்டை. நுகர்வோர் அமைப்பின் பிரதிநிதி இருக்கும் ஆலோசனைக் குழு ஒன்றும் உடன் இருக்கிறது என்பது சிறு ஆறுதல். டிராய்க்கே எழுதலாமே என்று தோன்றும். தனி ஆளின் புகாரைத் தீர்த்து வைக்கும் அதிகாரம் சட்டப்படி டிராய்க்குக் கிடையாது. கேட்காமலே காலர் டியூன், ஜோசியம் என்று ஏதாவது சேர்த்துப் பணம் எடுத்திருந்தால் 155223க்குப் போன் போட்டு உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

வேறு நிறுவனத்துக்கு மாறுவதும் ஒரு வழி. PORT என்று போட்டு இடைவெளி விட்டு உங்கள் எண்ணை எழுதி 1900க்கு அனுப்பினால் மாறுவதற்கான போர்ட் குறியீடு வரும். ப்ரீபெய்டில் மிச்சமிருக்கும் பேலன்ஸ் உங்களோடு வராது. இந்த வழியும் அடைபட்டதைத் தமிழ்நாடு 2018 பிப்ரவரியில் பார்த்தது. ஏர்செல் நிறுவனத்தின் சிக்னல் போனது. சிக்னல் இல்லாததால் போர்ட் குறியீடு கேட்கும் எஸ்எம்எஸ்ஸும் போகவில்லை. ஷோரூம் வாசல்களில் கூட்டம் முண்டியடித்தது. அந்த மாத இறுதியில் நிறுவனம் திவால் மனுக் கொடுத்தது. வங்கிக் கணக்கு, ஆதார், கேஸ் எல்லாம் ஒரே ஒரு எண்ணில் கட்டப்பட்டிருந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. சிக்னல் மோசமாகத் தொடங்கும்போதே மாறிவிடுவது நல்லது.

கடைசி வாசல் நுகர்வோர் ஆணையம். தொலைபேசித் தகராறெல்லாம் அங்கே வராது என்று 2009இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பைக் காட்டி நிறுவனங்கள் வெகுகாலம் தப்பித்தன. 2022 பிப்ரவரி 16இல் அந்தக் கதவு திறந்தது. மாதம் சராசரி ரூ.555 கட்டி வந்த அகமதாபாத் வாடிக்கையாளர் ஒருவருக்கு ஒரே மாதத்தில் ரூ.24,609 பில் வந்தது. அவர் தொடுத்த வழக்கில்தான், தனியார் செல்போன் நிறுவனங்கள் மீது நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம் என்று நீதிபதி சந்திரசூட் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது.

மும்பைக்கோ தில்லிக்கோ போக வேண்டியதில்லை. நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுக்கிறது. மூலக்கொத்தளத்துக்காரருக்கு அது சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கட்டிய பணம் ரூ.5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. 198இல் வாங்கிய புகார் எண், ரீசார்ஜ் எஸ்எம்எஸ், விளம்பரத்தின் போட்டோ இவற்றை எடுத்துக்கொண்டு, சிக்கல் நடந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போய்விடுங்கள்.