நனவினின்று நேரே கனவினுட் புகுதல்

உறக்கம் எக்கணத்தில் வந்தது என்பதை அறிந்தவர் எவருமிலர். படுத்தது நினைவிருக்கும், விழித்ததும் நினைவிருக்கும், இடையே எல்லை கடந்த கணம் மட்டும் அகப்படுவதில்லை. நாள்தோறும் நிகழ்வதால் இது நமக்கு வியப்பளிப்பதுமில்லை. எனினும், அவ்வெல்லையை உணர்வு குன்றாமலே கடந்து, காண்பது கனவு என்ற அறிவுடன் கனவினுள் நுழைந்ததாகக் கூறுவோர் காலந்தோறும் இருந்து வந்துள்ளனர். மறைஞான மார்க்கத்தினர் இதனைச் சித்தி என்றனர். கல்வியுலகமோ நெடுங்காலம் இதனைப் பிதற்றல் என ஒதுக்கியது. இரு தரப்பாரும் தவறினர் என்பதும், இது உறக்கத்தின் உடலியல் ஒழுங்கை அறிந்து பழகுவதாற் கைவரும் ஒரு திறன் என்பதும் நாம் இங்கு விளக்க முற்படுவனவாகும்.

கனவு நிகழ்கையிலேயே அது கனவென அறிதலைத் தெளிகனவு எனக் குறிப்போம். இது இரு வழிகளில் நேரலாம். கனவு காண்பவர் அதனிடையே ஏதேனும் ஒரு முரண்பாட்டைக் கண்டு விழிப்புணர்வு பெறுதல் ஒன்று. இறந்துபோன பாட்டனார் திண்ணையில் அமர்ந்து வெற்றிலை போடுவதைக் கண்டு, 'இது எங்ஙனம் கூடும்' என ஐயுறுவது போல்வது அது. விழித்திருக்கும் நிலையிலிருந்து இடையீடின்றிக் கனவினுட் செல்லுதல் மற்றையது. முன்னதே பெருவழக்கு. அமெரிக்காவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் ஸ்ரீவன் லாபேர்ஜும் அவருடன் பணிபுரிந்தோரும் 13 பேரிடமிருந்து கருவிப் பதிவுகளாற் பெற்ற 76 தெளிகனவுகளில் 55 முதல்வகையின. 21 மட்டுமே இரண்டாம் வகையின. சிறுபான்மையான இவ்விரண்டாம் வகையே நமது பொருள். அறிவின் தொடர்ச்சி பற்றிய வினா இங்குதான் மிகக் கூர்மையாக எழுகின்றது.

இதனைக் கூறியோர் யாவரும் மந்திரவாதிகள் அல்லர். சீனவியல் அறிஞரான ஏர்வே த சான் தெனி பதின்பருவத்திலேயே கனவுக் குறிப்பேடு எழுதத் தொடங்கி, கனவுகளை நெறிப்படுத்தும் முறைபற்றிய தமது நூலை 1867இல் பாரிசில் பெயர் குறிப்பிடாமலே வெளியிட்டார். கனவாய்வின் முதல்வராகக் கொள்ளப்படும் சிக்மண்ட் பிராய்டுக்கு அந்நூலின் ஒரு பிரதிகூடக் கிடைக்கவில்லை என்பதை அவரே ஒப்புக்கொண்டுள்ளார். அது கிடைத்திருப்பின் கனவுக் கோட்பாட்டின் வரலாறு வேறொரு திசையிற் சென்றிருக்குமோ என எண்ணத் தோன்றுகின்றது.

இத்துறையில் நம் கவனத்துக்கு மிகவும் உரியவர் ஒல்லாந்து நாட்டு மனநோய் மருத்துவரும் எழுத்தாளருமான பிரெடெரிக் வான் ஏடென். 1898இல் பூசம் என்னுமிடத்தில் வோல்டன் எனும் கூட்டுறவுக் குடியிருப்பை நிறுவி, நிலத்தைப் பொதுவில் வைத்துப் பயிரிட முனைந்தவர் இவர். அம்முயற்சி பத்தாண்டுகள்கூட நிலைக்கவில்லை. அவர் தம் கனவுகளைக் குறிக்கத் தொடங்கியது 1896இல். 1913இல் வெளியிட்ட கட்டுரையில் ஏறத்தாழ 500 கனவுகளைக் குறித்து வைத்திருந்ததாகவும், அவற்றுள் 352 தெளிகனவுகள் எனவும் கூறுகின்றார். இன்று ஆங்கிலத்தில் வழங்கும் பெயரும் அக்கட்டுரை வாயிலாகவே நிலைபெற்றது.

அக்கட்டுரையில் இரு செய்திகள் உள்ளன. உறக்கத்தின் தொடக்கத்திலேயே, உடல் நலமாகவும் ஆனால் மிகக் களைத்தும் இருக்கும் வேளையில், நினைவறுதல் ஏறத்தாழ இல்லாமலே கனவு தொடங்கும் ஒரு வகையை அவர் தனியே பிரித்து, அது அரிதென்கின்றார். நாம் ஆராயும் நிகழ்வின் தெளிவான பழைய குறிப்புகளுள் இது ஒன்று. மற்றையது, தமது தெளிகனவுகள் யாவும் அதிகாலை ஐந்து மணிக்கும் எட்டு மணிக்கும் இடையிலேயே நிகழ்ந்தன என்பது. இக்கூற்றின் காரணத்தை அவர் காலத்து அறிவியல் கூறவல்லதாக இருக்கவில்லை. 1931இல் வெளியான தமது நூலில் ருசிய மறைஞானி உஸ்பென்ஸ்கியும், விழித்த பின்னரும் படுக்கையில் இருக்கும் காலை வேளையிலேயே இத்தகைய அரைக்கனவு நிலை தமக்கு எளிதில் வாய்த்தது என்கின்றார். அவரது தத்துவங்களை நாம் ஏற்கவேண்டியதில்லை. அவரது கடிகாரத்தை ஐயுறவும் காரணமில்லை.

அக்கடிகாரத்தின் பொருள் விளங்கியது பின்னரே. 1953இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் அசரின்ஸ்கியும் கிளைற்மனும், உறங்குவோரின் கண்கள் மூடிய இமைகளுக்குள் இடையிடையே விரைந்து அசைவதையும், அவ்வேளைகளில் எழுப்பப்பட்டோர் பெரும்பாலும் கனவு கண்டதாகக் கூறுவதையும் அறிவித்தனர். உறக்கம் ஒரே சீரானதன்று. சுமார் 90 நிமிடங்களைக் கொண்ட சுற்றுகளாக அது அமைகின்றது. முன்னிரவுச் சுற்றுகளில் ஆழ்ந்த உறக்கமே மிகுதி. விரைவுக் கண்ணசைவு உறக்கம் அப்போது சில நிமிடங்களே நீடிக்கும். விடியலை அண்டிய சுற்றுகளிலோ அது நீண்டு விரிகின்றது. எனவே இரவு பத்து மணிக்குப் படுத்தவுடன் கனவினுட் புக முயல்வோர், ஒன்றேகால் மணித்தியாலத்துக்கு மேலான ஆழ்ந்த உறக்கத்தை உணர்வுடன் கடக்க முயல்வோராவர். பெரும்பாலோர் தோற்பது இயல்பே. நான்கு மணிக்கு விழித்து மீண்டும் படுப்பவருக்கோ கனவு வாயிலருகிலேயே காத்திருக்கின்றது. பல ஆண்டுத் தவம் வேண்டும் எனக் குருமார் கூறியவற்றுட் பெரும்பங்கு, நேரம் தவறிய முயற்சியின் விளைவே என்பது எமது கருத்து.

ஆயின் இவையெல்லாம் கனவு கண்டவர் விழித்தபின் கூறும் சான்றுகளே. உறங்கும்போது அறிந்தார் என்பதற்கு ஆதாரம் யாது? மெய்யியலாளர் நோர்மன் மல்கம் 1959இல் வெளியிட்ட நூலில், 'நான் உறங்குகின்றேன்' என்பது பொருளுடன் கூறவியலாத வாக்கியம் எனவும், உறங்குபவர் எதனையும் தீர்மானித்தார் என்பதே கருத்துக் குழப்பம் எனவும் வாதிட்டார். தருக்க அளவில் அவ்வாதம் வலிமையுடையதே. அதனை வீழ்த்தியது வேறொரு தருக்கமன்று. ஒரு மனிதனின் கண்ணசைவு.

விரைவுக் கண்ணசைவு உறக்கத்தில் உடற்றசைகள் தொய்ந்து செயலற்றுவிடுகின்றன. மூளைத் தண்டிலிருந்து இறங்கும் ஆணையே தசைகளைத் தடுக்கின்றது. லியோன் நகரில் மிஷேல் ஜூவே பூனைகளின் மூளைத் தண்டில் குறித்த பகுதியைச் சேதப்படுத்தியபோது, அவை உறங்கிக்கொண்டே எழுந்து, இல்லாத இரையின்மேற் பாய்ந்தன. இத்தடைக்கு உட்படாதவை கண்களும் மூச்சை நடத்தும் பிரிமென்றகடும். அப்படியாயின், கனவினுள் இருப்பவர் வெளியே செய்தி அனுப்பக் கண்களே வழி. இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹேர்ண் இதனை உணர்ந்தார். தன்முயற்சியாற் பல்லாண்டுகள் தெளிகனவு பழகிய அலன் வேர்ஸ்லி என்பவர், 1975 ஏப்பிரல் 12ஆந் திகதி காலை எட்டு மணியை அண்டி, உறக்கத்தின் நடுவே, முன்னர் இணங்கியவாறு கண்களை இடமும் வலமுமாகப் பலமுறை அசைத்தார். பதிவுத்தாளில் அவ்வசைவு ஒழுங்கான அலைகளாக விழுந்தது. உடல் உறங்கிக்கொண்டிருந்தது என்பதை மற்றைய கோடுகள் காட்டின. வான் ஏடென் குறித்த வேளையின் விளிம்பிலேயே இதுவும் நிகழ்ந்தது. இதனை அறியாமலே ஸ்ரான்போட்டில் லாபேர்ஜ் அதே முடிவை அடைந்தார். முன்னணி விஞ்ஞான ஏடுகள் அவர்தம் கட்டுரையை ஏற்க மறுத்தன. 1981இல் பிறிதோர் உளவியல் ஏட்டிலேயே அது வெளிவந்தது.

நம் மரபில் இதற்கு இடமுண்டா என்ற வினா இங்கு எழும். சைவசித்தாந்தம் நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படக்கம் என ஐந்தவத்தைகளைக் கூறுவதுடன், ஓர் அவத்தையினுள் மற்றொன்று நிகழ்வதையும் பேசுகின்றது. நனவில் 35 கருவிகள் தொழிற்படுமெனவும், கனவில் அவை 25 ஆகக் குறையுமெனவும் அது கணக்கிடும். பின்தங்கிவிடும் பத்தும் அறிபொறி ஐந்தும் செயற்பொறி ஐந்துமே. புலன்வழி அடைபட்டு உறுப்புகள் ஓய, அகக்கருவிகள் மட்டும் இயங்குவது கனவு என்னும் இவ்விளக்கம் கூர்ந்த நோக்கின் பேறு என்பதில் ஐயமில்லை. ஆனால் 'எல்லாம் நம்மவர் அன்றே கண்டனர்' எனக் கூறும் வழக்கத்துக்கு நாம் இதனைத் துணையாகத் தரவில்லை. ஆன்மாவின் கட்டுநிலையை விளக்க எழுந்த கணக்கு அது. உறக்கத்தை அளக்க எழுந்ததன்று. கண்கள் மட்டும் பின்தங்குவதில்லை என்பதை அது அறியாது.

இனிப் பயிலும் முறை. ஐந்து அல்லது ஆறு மணித்தியாலம் நன்கு உறங்கிய பின் எழுந்து, அரை மணி முதல் ஒரு மணித்தியாலம் வரை மங்கிய வெளிச்சத்தில் விழித்திருத்தல் வேண்டும். அவ்வேளையில் கனவைப் பற்றிய வாசிப்பே ஏற்றது. பின் மல்லாந்து படுத்து, உடலை உறுப்புறுப்பாகத் தளர விட்டு, அசையாதிருத்தல் வேண்டும். சிறிது நேரத்தில் மூடிய கண்முன் ஒளிப்புள்ளிகள், கோலங்கள், அறிமுகமற்ற முகங்கள், துண்டுச் சொற்கள் தோன்றும். பிரெஞ்சு அறிஞர் அல்பிரெட் மோரி 1848இலேயே இவற்றுக்குப் பெயரிட்டு ஆராய்ந்தார். பயில்வோர் பெரும்பாலும் இவ்விடத்திலேயே இடறுகின்றனர். காட்சியைப் பற்றிக்கொள்ள விரைந்தால் அது கலைந்து விழிப்பு மீளும். அதில் முற்றாக இழைந்தால் அறிவு அமிழ்ந்து சாதாரண உறக்கம் வந்துவிடும். லாபேர்ஜ் கூறும் உபாயம் எளியது. 'ஒன்று, நான் கனவு காண்கின்றேன். இரண்டு, நான் கனவு காண்கின்றேன்' என மனத்துள் எண்ணிக்கொண்டிருத்தல் வேண்டும். காட்சிகளைப் பேருந்தின் யன்னல் வழியே பார்ப்பதுபோலப் பார்த்திருத்தல் போதும். ஓரிடத்தில் காட்சி தட்டையாக இராமல் இடமாக விரியும். பார்த்துக்கொண்டிருந்தவர் அதனுள் நிற்பார். எழுத்து ஏதேனும் தென்படின் ஒருமுறை வாசித்து, கண்ணை விலக்கி மீண்டும் வாசித்தல் தக்க சோதனை. கனவில் அவ்வெழுத்து பெரும்பாலும் மாறிவிடும்.

விடுதி மாணவர் பலர் இந்நிலைமையைத் தாமறியாமலே அமைத்துக்கொள்கின்றனர். பரீட்சைக் காலத்தில் நான்கு மணிக்கு எழுந்து படித்து, ஐந்து மணிக்கு 'சற்றே கண்ணயர்வோம்' எனச் சாய்வோருக்கு வாய்ப்பது தெளிகனவுக்கு மிகப் பொருத்தமான வேளை. அமுக்குப் பேய்க்கும் அதுவே வேளை.

இப்பேயைப் பற்றி நாம் சற்று விரிவாகவே பேசவேண்டும். விழித்திருப்பவர் கனவுறக்கத்துள் நேரே செல்கையில், அறிவு மங்குமுன் தசைத்தடை வந்துவிடலாம். கை அசையாது, குரல் எழாது, மூச்சை ஆழ இழுக்க முயன்றால் நெஞ்சில் பாரம் அழுத்துவது போலிருக்கும். கனவுக் காட்சி அறையுடன் கலப்பதால், மூலையில் யாரோ நிற்பதும் கட்டிலில் ஏறுவதும் தெரியும். நியூபவுண்லாந்து மீனவர் இதனைக் கிழச்சூனியக்காரி என்றனர். யப்பானியர் இரும்புக்கட்டு எனப் பொருள்படும் பெயரால் வழங்குவர். 35 ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளியான கணிப்பின்படி, வாழ்நாளில் ஒருமுறையேனும் இதனை அனுபவித்தோர் பொதுமக்களில் நூற்றுக்கு 7.6, மாணவரில் நூற்றுக்கு 28.3. உறக்கத்தை இடையில் முறிப்பதன் மூலம் ஆய்வுகூடத்திலேயே இதனை வரவழைக்கலாம் என்பதை யப்பானிய ஆய்வாளர் 1992இற் காட்டினர்.

இங்கு பணயமாக இருப்பது கனவின்பம் மட்டுமன்று. இவ்வனுபவம் நேர்ந்த பிள்ளைக்கு நூல் கட்டி, பார்வை பார்த்து, 'உன்னில் ஏதோ இருக்கிறது' எனச் சொல்லும் வீடுகள் இன்றும் உள. அச்சம் உறக்கத்தைக் கெடுக்கும். கெட்ட உறக்கம் மீண்டும் அதனையே வரவழைக்கும். பேய் இவ்வாறாகவே வளர்கின்றது. இது தசைத்தடை எனவும், சில நிமிடங்களில் தானாகவே நீங்கும் எனவும், மூச்சு நின்றுவிடாது எனவும் அறிந்தவர் அதனுடன் போராடாது விடுகின்றார். தெளிகனவு பயில்வோர் ஒரு படி மேலே சென்று, அந்த இறுக்கத்தையே கனவின் வாயிலென வரவேற்கின்றனர். ஒருவருக்குப் பேயாகத் தோன்றியது மற்றவருக்குப் படிக்கட்டாவது, இடையில் அறிவு நின்றமையால்.

எச்சரிக்கையும் வேண்டும். உறக்கத்தை நாள்தோறும் முறிப்பது உடலுக்கு ஆகாது. வாரத்தில் ஓரிரு விடுமுறைக் காலைகள் போதும். நனவு எது கனவு எது என்ற பிரிப்பு ஏற்கெனவே தளர்ந்துள்ள மனநோயாளர் இதனைத் தவிர்ப்பதே நன்று. பகலிலும் அடக்கவியலாத உறக்கம் வந்து விழுவோர் சிலர் விழிப்பினின்று நேரே கனவுறக்கத்துள் செல்வது ஒரு நோயின் அறிகுறி. அவர்கள் நாட வேண்டியது மருத்துவரையே. ஒரே வாரத்தில் பயிற்றுவிப்பதாகக் கூறி முகமூடியும் மாத்திரையும் விற்போரைப் பற்றி அதிகம் கூறத் தேவையில்லை.

மூளையில் அப்போது நிகழ்வது யாது என்பதில் விவாதம் முடியவில்லை. 2009இல் ஜேர்மனிய ஆய்வாளர், தெளிகனவின்போது மூளையின் முற்பகுதியில் வினாடிக்கு 40 அளவிலான அலைகள் மிகுவதாகக் கூறி, அதனை விழிப்பும் உறக்கமும் கலந்த நிலை என்றனர். கண்தசைகளின் நுண்துடிப்புகளும் அத்தகைய அலைகளாகப் பதிவாகக்கூடும் எனப் பின்னர் வேறு ஆய்வாளர் காட்டினர். ஹல்லில் சான்றாக உதவிய அதே கண்கள் இங்கு சான்றைக் கலக்குகின்றன.

2021இல் அமெரிக்கா, பிரான்சு, ஜேர்மனி, ஒல்லாந்து ஆகிய நான்கு நாடுகளின் ஆய்வுகூடங்கள் கூட்டாக வெளியிட்ட ஆய்வு இன்னுமோர் அடி சென்றது. 36 பேர் பங்குகொண்டனர். உறங்கிக்கொண்டிருந்த ஒருவரிடம் எட்டிலிருந்து ஆறைக் கழித்தால் எவ்வளவு எனக் கேட்டபோது, அவர் கண்களை இருமுறை இடமும் வலமுமாக அசைத்தார். எல்லா வினாக்களையும் சேர்த்துப் பார்க்கையில் சரியான விடை கிடைத்தது நூற்றுக்கு 18.4 தடவைகளிலேயே. நூற்றுக்கு அறுபதளவில் எவ்வித மறுமொழியும் வரவில்லை. கேள்வி கனவினுள் சென்றடையவில்லையா, சென்றும் அதனை வினாவென உணர ஆங்கு எவரும் விழித்திருக்கவில்லையா என்பதைப் பதிவுத்தாள் கூறாது. விழித்தெழுந்த சிலர் கூறினர்: கேள்வி தமக்குக் கேட்டது, கனவினுள் ஒலித்த ஒரு வானொலியிலிருந்து வருவதுபோல.