கடற்கரைப் பயணத்தில் தங்குமிடம்: வாடகை வீடா, விடுதியா?

பஞ்ச ஈஸ்வரங்களுள் ஒன்றாகப் போற்றப்படும் முன்னேஸ்வரம், சிலாபம் நகருக்குக் கிழக்கே, தென்னந்தோப்புகளும் வயல்களும் சூழ்ந்த ஊரில் அமைந்திருக்கிறது. முன்னைநாதரையும் வடிவாம்பிகையையும் வழிபட வருகின்ற குடும்பங்கள், தரிசனம் முடிந்த பின் சிலாபக் கடலையும் கண்டு, பிள்ளைகளுடன் ஓரிரு நாள் காற்று வாங்கித் திரும்ப விரும்புவது இயல்பே. கொழும்பிலிருந்து சிலாபம் ஏறக்குறைய 80 கிலோமீற்றர். 1916 ஆம் ஆண்டில் புகையிரதப் பாதையும் சிலாபத்தை எட்டிவிட்டது. ஆகையால் ஒரே நாளில் வந்து போவோரும் உண்டு. ஆனால் இரண்டு இரவாவது தங்குவது என்று முடிவு செய்தவுடன், குடும்பத்தில் ஒரு விவாதம் எழுகின்றது. விடுதியில் அறை எடுப்பதா, அல்லது ஒரு வீட்டையே சில நாட்களுக்கு வாடகைக்குப் பிடிப்பதா?

இக்கேள்விக்குப் பெரும்பாலானோர் வாடகைத் தொகையை மட்டும் வைத்து விடை காண முயல்கின்றனர். வாடகை முக்கியந்தான். ஆயினும் தங்குமிடம் என்பது கூரையும் கட்டிலும் மாத்திரம் அல்ல. சமையல், கூட்டித் துடைத்தல், இரவுக் காவல், நோய் வந்தால் ஓடி உதவுதல் ஆகிய பொறுப்புகளும் அதனுள் அடங்கும். இப்பொறுப்புகளை யார் ஏற்பது என்பதைத் தீர்மானித்துக் கொண்டால், வீடா விடுதியா என்ற கேள்வி தானாகவே தெளிவு பெறும்.

பழைய காலத்தில் யாத்திரிகர்களுக்கு மடங்களும் சத்திரங்களும் இருந்தன. அங்கே கூரை கிடைக்கும். ஏனையவற்றை வருவோர் தாமே பார்த்துக் கொள்வர். அரசாங்க உத்தியோகத்தரும் பிற பிரயாணிகளும் தங்குவதற்கு, ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் பெருந்தெருக்களின் ஓரமாக வாடி வீடுகள் எழுந்தன. அங்கு படுக்கையும் உணவும் கிடைத்தன; பொறுப்பாளர் ஒருவரும் இருந்தார். மடத்தின் வழி வந்தது இன்றைய வாடகை வீடு என்றும், வாடி வீட்டின் வழி வந்தது இன்றைய விடுதி என்றும் கூறலாம். 1966 ஆம் ஆண்டில் இலங்கை உல்லாசப் பிரயாண சபை நிறுவப்பட்ட பின் கடற்கரை விடுதிகள் பெருகின. 2008 ஆம் ஆண்டுக்குப் பின் இணைய வழியாக வீடுகளையும் அறைகளையும் வாடகைக்கு விடும் முறை உலகெங்கும் பரவி, இத்தீவின் கரைகளையும் வந்தடைந்தது.

முதலில் விடுதியை எடுத்துக் கொள்வோம். விடுதி விற்பது பிறருடைய உழைப்பு. விரிப்பு மாற்றுவதும், காலை உணவு பரிமாறுவதும், மின்சாரம் தடைப்பட்டால் பொறியை இயக்குவதும் அங்குள்ளோரின் கடமை. நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் எழுப்பிக் கேட்க ஓர் ஆள் உண்டு. இதற்காகக் கொடுக்கும் விலையைச் சரியாகக் கணக்கிட வேண்டும். விளம்பரத்தில் காணும் அறைக் கட்டணத்தோடு வழக்கமாகப் 10 சதவீதப் பணிக்கட்டணமும், 2024 ஜனவரி முதல் 18 சதவீதமாக உயர்ந்த பெறுமதி சேர் வரியும் சேரக்கூடும். இவ்விரண்டும் தனியாகச் சேர்க்கப்படும் இடத்தில், 15,000 ரூபா என்று சொல்லப்பட்ட அறைக்கு 19,000 ரூபாவுக்கும் மேலே செலுத்த நேரிடும். ஆகவே, சொல்லப்படும் தொகையில் எல்லாம் அடங்குமா என்பதை எழுத்தில் கேட்டுக் கொள்வது நன்று. அறை மட்டுமா, காலை உணவும் உண்டா, இரவு உணவும் சேருமா என்பதையும் உடன் தெரிந்து கொள்ள வேண்டும்.

இனி வாடகை வீடு. வீடு விற்பது இடமும் சுதந்திரமும். எட்டுப் பேர் கொண்ட ஒரு குடும்பத்துக்கு விடுதியில் மூன்று அறைகளேனும் வேண்டும். பாட்டனார் ஓர் அறையிலும் பேரப்பிள்ளைகள் வேறொரு மாடியிலும் பிரிந்து கிடக்க நேரும். வீட்டிலோ எல்லோரும் ஒரு கூடத்தில் கூடியிருக்கலாம். வளவிலே பிள்ளைகள் ஓடி விளையாடலாம். ஈர உடுப்பைக் கொடியில் போடலாம். முன்னேஸ்வரத்துக்கு விரதத்துடன் வருவோருக்கு வேறொரு நன்மையும் உண்டு. மச்சம் புழங்காத அடுப்பும் பாத்திரமும் விடுதியில் கேட்டுப் பெறுவது கடினம். தமக்கென்று ஒரு குசினி இருக்குமானால், வீட்டிலிருந்து கொண்டுவந்த பாத்திரத்தில் சைவ உணவை ஆக்கிக் கொள்ளலாம். விரதம் முடிந்தவர்கள் சிலாபத்துச் சந்தையில் நண்டும் இறாலும் வாங்கி, தென்னை நாட்டுத் தேங்காய்ப் பாலில் கறி வைத்து உண்ணவும் தடையில்லை.

ஆனால் அந்த நண்டைக் கழுவி, தேங்காய் துருவி, கறியை ஆக்குவது யார்? வாடகை வீட்டைப் பற்றிப் பேசும்போது பலரும் கேட்க மறக்கும் கேள்வி இதுதான். ஆடவர் கடற்கரையில் உலாவப் போக, பிள்ளைகள் மணலில் வீடு கட்டப் போக, குடும்பத்துத் தாய் மாத்திரம் அறிமுகமில்லாத அடுப்பின் முன் நின்று மூன்று வேளையும் சமைப்பாளானால், அவளுக்கு அது விடுமுறை ஆகாது. ஊரிலே செய்த அதே வேலையை, வசதி குறைந்த இன்னோர் இடத்தில் செய்துவிட்டு அவள் களைத்துத் திரும்புகிறாள். வீட்டை எடுத்ததால் மிச்சமான பணம் என்று கணக்கிடப்படுவது பெரும்பாலும் அவளுடைய கூலி இல்லாத உழைப்பே. இதனை முன்னரே வாய்விட்டுப் பேசிக் கொள்ளும் குடும்பங்களில் பின்னர் மனத்தாங்கல் எழுவதில்லை.

இச்சிக்கல் நமது நாட்டுக்கு மாத்திரம் உரியதன்று. இங்கிலாந்தின் பிளாக்பூல் போன்ற கடற்கரை நகரங்களுக்கு ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள் விடுமுறைக்குச் சென்ற காலத்தில், அங்கே ஒரு வழக்கம் இருந்தது. விருந்தினர் தமக்கு வேண்டிய இறைச்சியையும் காய்கறியையும் தாமே வாங்கிக் கொடுப்பர். விடுதிக்கார அம்மையார் அவற்றைச் சமைத்துத் தருவார். அறைக்கும் அவருடைய உழைப்புக்கும் கட்டணம் உண்டு. மேசையில் வைத்த உப்புக்கும் மிளகுக்கும் கூடச் சிலர் தனிக் காசு வாங்கினராம். வேடிக்கையாகத் தோன்றினும், அவ்வழக்கத்தின் பயன் தெளிவானது. உணவுச் செலவு விருந்தினர் கையில் இருந்தது. சமையற் சுமை தாயின் தலையிலிருந்து இறங்கியது.

அதே ஏற்பாட்டைக் காணப் பிளாக்பூல் வரை போகத் தேவையில்லை. புத்தளத்துக்கு வடக்கே விரியும் வில்பத்து வனத்தில், வனசீவராசிகள் திணைக்களத்தின் பங்களாக்களில் தங்கச் செல்வோர் அரிசி, பருப்பு, மரக்கறி முதலியவற்றைக் கொண்டுபோவர். பங்களாவின் ஊழியர் சமைத்துக் கொடுப்பர். கடற்கரை வீடுகளிலும் சமையலுக்கு ஓர் ஆளை ஒழுங்கு செய்து தரும் உரிமையாளர் உளர். அவருக்குரிய கூலியை வாடகையோடு சேர்த்துக் கணக்கிட்ட பிறகே, விடுதிக் கட்டணத்தோடு ஒப்பிட வேண்டும். அப்பொழுது வேறுபாடு முன்பு தோன்றிய அளவு பெரிதாக இராது. எனினும் பெரிய குடும்பத்துக்கு வீடே இலாபமாக அமைவது பெரும்பாலும் உண்மை. கணவன் மனைவி இருவர் மட்டும் ஓரிரவு தங்குவதாயின், முழு வீட்டுக்கு வாடகை கொடுப்பதில் பொருளில்லை.

பணத்தையும் உழைப்பையும் விடப் பெரியது உயிர். மேற்குக் கரையில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று வீசுகின்றது. அக்காலத்தில் கடல் கொந்தளிக்கும். இக்கரையின் மீனவரில் ஒரு பகுதியினர் அம்மாதங்களில் முல்லைத்தீவு, திருகோணமலை முதலிய கிழக்குக் கரைகளுக்குச் சென்று வாடி அமைத்துத் தொழில் செய்வது நெடுநாளைய வழக்கம். கடலையே தொழிலாகக் கொண்டவர்கள் விலகிப் போகின்ற காலம் நீராடுவதற்கு ஏற்ற காலம் ஆகாது. முன்னேஸ்வரத்தின் ஆண்டு மகோற்சவமோ ஆகஸ்ட், செப்டெம்பர் மாதங்களையே ஒட்டி வருகிறது. திருவிழாவுக்கு வந்து கடற்கரையில் தங்குவோர், அலையைக் கரையில் நின்று பார்ப்பதோடு அமைவதே அறிவுடைமை. சிவராத்திரியை ஒட்டி வருவோருக்கு நிலைமை வேறு. மாசி மாதத்தில் இக்கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். வடக்கே கற்பிட்டியில் ஓங்கில்களைக் காணப் படகுகள் புறப்படும் பருவமும் ஏறக்குறைய நவம்பர் முதல் ஏப்ரல் வரையே.

இதனால் தங்குமிடத் தெரிவும் மாறுகின்றது. கொந்தளிப்பான பருவத்தில் சிறு பிள்ளைகளுடன் வருவோருக்கு, நீச்சற் குளமும் அதனைக் கவனிக்க ஆளும் உள்ள விடுதி பொருத்தமானது. சிலாபத்துக்குத் தெற்கே ஏறக்குறைய 20 கிலோமீற்றரில் உள்ள மாரவிலைப் பக்கத்திலும், அதற்கும் தெற்கே நீர்கொழும்பிலும் அத்தகைய விடுதிகள் உள்ளன. ஆளரவமற்ற கரையில் தனித்து நிற்கும் வீட்டுக்கு முன்னால் உயிர்காப்பாளர் எவரும் இருக்கமாட்டார். வாயிற்கதவைத் திறந்தாற் கடல் என்பது விளம்பரத்துக்கு அழகான வாசகம். இரண்டு வயதுக் குழந்தை உள்ள வீட்டில் அது ஓயாத காவலைக் கேட்கும். அமைதியான பருவத்திலும், எவ்விடத்தில் இறங்கலாம், எங்கே நீரோட்டம் இழுக்கும் என்பதை அவ்வூர் மீனவரிடம் கேட்ட பின்னரே நீரில் கால் வைக்க வேண்டும். இழுவையில் அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைத்துப் போகாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற முயல வேண்டும்.

வீடுதான் என்று முடிவு செய்தவர்கள், அச்சவாரம் கொடுப்பதற்கு முன் சில விவரங்களைக் கேட்டறிதல் அவசியம். கடலை அண்டிய கிணறுகளில் உவர் ஏறுவதுண்டு. ஆகையால் குடிநீர் எங்கிருந்து வருகிறது என்பது முதற் கேள்வி. எரிவாயு உருளை நிறைந்திருக்கிறதா என்பது இரண்டாவது. 2022 ஆம் ஆண்டில் எரிவாயுவுக்கு வரிசை நின்றதையும், நாளொன்றுக்குப் பல மணிநேரம் மின்சாரம் நின்றதையும் அனுபவித்த மக்களுக்கு இதன் முக்கியத்தை விளக்க வேண்டியதில்லை. நுளம்பு வலை உண்டா, தண்ணீர்த் தொட்டிகள் மூடியிருக்கின்றனவா என்பது மூன்றாவது. இலங்கையிலிருந்து மலேரியா ஒழிந்ததாக 2016 ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது. டெங்கு அவ்வாறு ஒழியவில்லை. அதனைப் பரப்பும் நுளம்பு பகலிலேயே கடிக்கும். மழைக்காலமாயின், தெதுறு ஓயா பெருக்கெடுத்தால் வீட்டுக்குச் செல்லும் வழி நீரில் மூழ்குமா என்பதையும் விசாரிக்க வேண்டும். முதியோர் உள்ள குடும்பம், மலசலகூடம் வீட்டினுள்ளே உள்ளதா, படிகள் எத்தனை, சிலாபம் வைத்தியசாலைக்கு எவ்வளவு தூரம் என்பவற்றை மறவாமல் கேட்கட்டும்.

படத்தை மாத்திரம் பார்த்துப் பணம் அனுப்புவது ஆபத்து. இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை விடுதிகளை மட்டுமன்றி, வாடகை வீடுகளையும், வீட்டாருடன் விருந்தினர் தங்கும் இல்லங்களையும் பதிவு செய்கிறது. பதிவு பெற்ற இடமா என்று கேட்பதில் வெட்கமில்லை. முற்பணம் எவ்வளவு, பயணம் தடைப்பட்டால் எவ்வளவு திரும்பும், பொருள் உடைந்தால் என்ன கணக்கு, திறப்பை யார் கொண்டுவந்து தருவார், இரவில் அழைத்தால் யார் வருவார் என்பவற்றை எழுத்தில் பெற்றுக் கொள்ள வேண்டும். இறுதிக் கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்காத வீட்டை, எவ்வளவு மலிவாயினும் விட்டுவிடுவதே மேல்.

வீட்டாருடன் தங்கும் இல்லம் இவ்விரண்டுக்கும் இடையிலான ஒரு வழி. அங்கே விருந்தினருக்கு அறையும் வீட்டுச் சமையலும் கிடைக்கும். ஊர் நிலவரம் தெரிந்தவர்கள் பக்கத்திலேயே இருப்பர். கொடுக்கும் பணமும் அவ்வூர்க் குடும்பத்தின் கைக்கு நேராகச் செல்லும். ஆயினும் அது பிறர் வீடு. அவர்களுடைய வழக்கத்துக்கும் உறங்கும் நேரத்துக்கும் மதிப்பளிக்க வேண்டும்.

ஆகவே, தொகுத்துப் பார்க்கும்போது, ஆட்கள் பலராகவும் இரவுகள் மூன்று நான்காகவும் இருந்து, சமையலுக்கு ஆளும் கிடைக்குமாயின் வீடு சிறந்தது. ஆட்கள் சிலராக, தங்கல் குறுகியதாக, கடல் கொந்தளிப்பதாக, அல்லது நோயாளியோ கைக்குழந்தையோ உடன் வருவதாக இருந்தால் விடுதி சிறந்தது. எதுவாயினும், பணம் கொடுப்பவர் மாத்திரம் தனித்து முடிவு செய்யாமல், அடுப்படியில் நிற்கப் போகிறவரையும் குழந்தையைக் காக்கப் போகிறவரையும் முதலில் கேட்டு, அவர்களுடைய சொல்லுக்கு அதிக நிறை கொடுத்து முடிவு செய்வதே குடும்பத்துக்கு நன்மை தரும்.